அந்த வருஷம் புதுத்துணி எடுக்கவில்லை: கிறிஸ்மஸ் அனுபவப் பகிர்வு

தூத்துக்குடியிலிருந்து (தொடங்கியவர்)

டிசம்பர் பிறந்துவிட்டது. தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்குகிறது, போனைத் திறந்தால் ஆஃபர்தான். பண்டிகைக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முதலில் என்னுடையது.

2023. டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் எங்கள் நாலு பேருக்கும் துணி எடுத்தாகிவிட்டது. குடும்பம் முழுக்க ஒரே நிறம், மெரூன். பில் 11,800 ரூபாய். 17-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் என்று மறுநாள் செய்தி வந்தது. தாமிரபரணி கரை தாண்டி ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வெள்ளம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முட்டளவுத் தண்ணீர்தான், வீட்டுக்குள் ஏறவில்லை.

நாலாவது நாள், நிவாரணத் துணி பிரிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் சேகரத்தில் (சில ஆலயங்கள் சேர்ந்த சபைப் பிரிவு) கூப்பிட்டார்கள். போனேன். மூட்டை மூட்டையாக வந்திருந்தது. பிரிக்கப் பிரிக்க எனக்கு நெஞ்சை அடைத்தது. ஜிப் போன சுடிதார். ஜாக்கெட் இல்லாத பட்டுச்சேலை. ஒரு மூட்டைக்குள் கல்யாணக் கோட்டு. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கட்டியிருந்த சேலையின் கீழ்ப்பாதி சேறு காய்ந்து விறைத்திருந்தது. ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்து, எடுத்த மடிப்பு கலையாமல் திரும்ப வைத்தார். "என்ன வேணும்னு சொல்லுங்கக்கா" என்றேன். பக்கத்தில் ஆண்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "ஒரு நைட்டி, ஒரு உள்பாவாடை. நாலு நாளா மாத்தலம்மா."

அத்தனை மூட்டையிலும் உள்பாவாடை ஒன்றுகூட இல்லை.

அன்று சாயங்காலமே மெரூன் கவர்களைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பணமாகத் திருப்பித் தர முடியாது, வேறு துணி வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியதும் அதுதான். 26 நைட்டி, 14 சாரம் (லுங்கி), 30 உள்பாவாடை, மீதிக்குத் துண்டு. விஷயத்தைச் சொன்னதும் அவர் பங்குக்குப் பத்துத் துண்டு எடுத்து வைத்தார். வருகிற வழியில் என் வீட்டுக்காரர் மெடிக்கலில் நாப்கின் வாங்கிக்கொண்டார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "என் பாவாடை சட்டையையுமாம்மா?" என்று கேட்டு அழுதாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போனது என் தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது. 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனையில், போன வருஷத்துச் சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றாள்.

குமரிக் கடற்கரையிலிருந்து

அக்கா, எங்களுக்கு 2017. ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்த டிசம்பரில் எங்கள் ஊரில் ஸ்டார் போடவில்லை. போடாதே என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுவில், கிறிஸ்மஸ் குடில், சீரியல் லைட், சவுண்ட் செட் எல்லாவற்றுக்குமாக 62,000 ரூபாய் பிரித்து வைத்திருந்தோம். அதை அப்படியே மூன்று குடும்பங்களுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. முதல் வீட்டுக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். அந்த மதினி கவரைக் கையில் வாங்கவில்லை. "இத வாங்கினா அவரு வரமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். உடல் கிடைக்காத வீடு அது. காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தோம், கவரோடு திரும்பினோம். அன்று நடந்து வந்த தூரம் எனக்கு மறக்காது.

அப்புறம் பங்குத்தந்தைதான் வழி சொன்னார். பையன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பீஸைக் கட்டினோம். அந்த வீட்டுக்குப் பற்று வைத்திருந்த பலசரக்குக் கடையில் கணக்கைத் தீர்த்தோம். மதினிக்கு அது தெரியும். எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, நாங்களும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கிருந்தெல்லாமோ உதவி வந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு ஒருத்தரும் வரவில்லை. பசிக்கு வருஷக் கணக்கு தெரியாது. அதனால் குடில் போட்டியை நிறுத்தி, ஒவ்வொரு டிசம்பரிலும் அதே மூன்று வீடுகளின் பீஸுக்கு ஒதுக்கினோம். அந்தப் பையன் பிளஸ் டூ முடிக்கும்வரை விடவில்லை.

மதுரையிலிருந்து

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். ரெண்டும் நல்ல காரியம். ஆனால் வாங்குகிற இடத்தில் நின்றவன் என்பதால் எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஆலயத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் துணி கொடுத்தார்கள். மேடை, மைக், போட்டோ. பேரைக் கூப்பிடக் கூப்பிட ஏற வேண்டும். என் வகுப்புப் பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துணியைக் கொடுத்தவர் கையை விடவில்லை. போட்டோ எடுக்கிறவர் "இன்னொன்னு" என்றார், அதனால் நானும் துணியைப் பிடித்தபடி நின்றேன். டவுசர் எனக்கு இரண்டு சைஸ் பெரிது. அம்மா இடுப்பில் கயிறு கோத்துக் கொடுத்தாள். பண்டிகையன்று என் சட்டையைப் பார்த்த எல்லாருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது.

கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துக்கு மூலமான நிக்கோலா, 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரத்து ஆயராக இருந்தவர். கல்யாணம் செய்துகொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் ராத்திரியில் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஏன் ராத்திரியில் போனார் என்று நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. அவர் பெயரைச் சொல்லிச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பகலில் மேடையேற்றி விடுகிறோம்.

"புதுத்துணி ஆடம்பரம், அதை விட்டுவிடுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்கும்போதும் எனக்குக் கோபம் வரும். மாதம் ஒரு துணி எடுக்கிறவருக்கு அது ஆடம்பரம். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, கிறிஸ்மஸ் ஃபண்டில் வாரம் நூறு கட்டி, பிள்ளைக்குச் சட்டை எடுக்கிறவரிடம் போய் அதைச் சொல்லக்கூடாது. தூத்துக்குடி அக்கா மகள் அழுததில் தப்பே இல்லை.

இப்போது நான் செய்வது சின்னதுதான். எங்கள் ஆலயத்தில் ஊழியம் செய்யும் உபதேசியார் நவம்பரிலேயே நாலு பிள்ளைகளின் அளவை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார், பேர் இருக்காது. என் பிள்ளைகளுக்கு எடுக்கிற அதே கடையில், அதே விலையில் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுவேன். யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆராதனையில் எந்தப் பிள்ளை என்று தேடுவதும் இல்லை.

நாசரேத்திலிருந்து

பெரிதாக எழுத ஒன்றுமில்லை. எங்கள் ஆச்சி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடியளவு சின்னதாகுமே தவிர, போடாமல் விட்டதில்லை. மாசக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். டிசம்பரில் மட்டும் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்ட கையோடு, பானையைத் தானே சுமந்துகொண்டு இரண்டு விதவை வீடுகளுக்குப் போவாள். பலகாரமும் அரிசியும் சேர்ந்தே போகும், அரிசி மட்டும் கொடுத்தால் பிச்சை மாதிரி இருக்கும் என்பாள். ஆச்சி போய்ப் பதினேழு வருஷம். பானை என்னிடம் இருக்கிறது. இந்த மாசத்திலிருந்து நானும் போட ஆரம்பித்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து (தொடங்கியவர்)

மதுரைத் தம்பி, நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் தம்பிக்கும் எடுங்க. நீங்களும் அப்பாவும் எடுக்காதீங்க. ஒரே கலரெல்லாம் வேண்டாம்" என்றாள். அப்படியே செய்கிறோம். இந்தத் தடவை அவளைக் கேட்டுத்தான் செய்கிறேன் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

குமரித் தம்பி சொன்ன அடுத்த வருஷக் கணக்கு என்னைக் குத்தியது. அந்த உப்பளத்து அம்மாவை 2023-க்குப் பிறகு நான் போய்ப் பார்க்கவே இல்லை. நேற்று விசாரித்துப் போனேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, ஐப்பசி பிறந்தாலே கடன்தான் என்றார். என்ன வேணும்க்கா என்று இந்தத் தடவையும் கேட்டேன். இப்போது யாரும் பக்கத்தில் இல்லாததால் சத்தமாகவே சொன்னார். "பொங்கல் கழிஞ்சா வேலை ஆரம்பிக்கும். போன வருஷ கம்பூட்ஸ் கிழிஞ்சுபோச்சு. உப்புத்தண்ணி உள்ள போயி கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது." பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகால் வெள்ளை வெள்ளையாக வெடித்து, வெடிப்புக்குள் சிவந்திருந்தது.

அவருக்கு ஆறாம் நம்பர், அவர் வீட்டுக்காரருக்கு எட்டு. அதே தெருவில் இன்னும் ஒன்பது வீட்டில் அளவு கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை மகளும் நானும் வாங்கப் போகிறோம்.