கடைவாய்ப் பல் எடுத்தாச்சு: பஞ்சு எவ்வளவு நேரம், உப்புத் தண்ணீர் எப்போது?

மழைத்தூறல்:
கீழ்த் தாடைக் கடைவாய்ப் பல்லை இன்று காலை எடுத்தார்கள். தையல் இல்லை. எச்சிலில் இன்னும் சிவப்பு வருகிறது. பஞ்சை எவ்வளவு நேரம் கடித்திருக்கணும்? உப்புத் தண்ணீர் இன்றைக்கே கொப்பளிக்கலாமா? ட்ரை சாக்கெட் (குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு வெளியே தெரிவது) வந்தால் எப்படித் தெரியும்?

பல்லவன்:
இன்றைக்குக் கொப்பளிக்கவே கூடாது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கிறதே, அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. முதல் 24 மணி நேரம் அது லேசாகத்தான் ஒட்டியிருக்கும். வேகமாகக் கொப்பளித்தால், காறித் துப்பினால், ஸ்ட்ராவில் உறிஞ்சினால் பெயர்ந்துவிடும். எச்சிலை விழுங்கிவிடுங்கள், இல்லையென்றால் வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள்.

காஸ் துணியைச் சற்று ஈரமாக்கி, கனமாக மடித்து, சரியாகக் குழியின் மேல் வைத்து 30 முதல் 45 நிமிடம் விடாமல் கடியுங்கள். ஈரம் எதற்கென்றால், காய்ந்த துணி உறைந்த ரத்தத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நிறைய பேர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து "நின்றுவிட்டதா" என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் நிற்கவே நிற்காது. துணி பக்கத்துப் பற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் அழுத்தம் குழிக்குப் போகாது.

எச்சில் இளஞ்சிவப்பாக வருவது ஒரு நாள் வரை சாதாரணம். ஒரு சொட்டு ரத்தமே வாய் எச்சில் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். இரண்டு முறை முழுசாக அழுத்தியும் வாய் நிறைய ரத்தம் ஊறினால் உடனே மருத்துவரிடம் போகணும்.

வேம்படி:
மேலே சொன்னதோடு சில. மரத்துப்போன உணர்வு போகும்வரை சூடாகவோ மென்றோ எதுவும் சாப்பிடாதீர்கள். கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. கன்னத்தின் வெளிப்பக்கம் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம், பிறகு 15 நிமிடம் இடைவெளி. இது முதல் நாளைக்குத்தான் பலன் தரும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். இரவு தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள்.

வலி மாத்திரையை மரப்பு முழுசாக விடுவதற்கு முன்பே, மருத்துவர் எழுதிய அளவில் போடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் ஐபுபுரூஃபன் தானாக எடுக்கக் கூடாது. வலிக்கென்று ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் இதயத்துக்காகத் தினமும் போடுகிற ஆஸ்பிரினோ வார்ஃபரினோ இருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பல்லைவிட அது பெரிய ஆபத்து.

உப்புத் தண்ணீர் நாளைக்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தால் போதும், களகளவென்று கொப்பளிக்க வேண்டாம். சாப்பிட்டதும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, ஒரு வாரத்துக்கு. மற்ற பற்களை இன்று இரவே மெதுவாகத் துலக்கலாம், குழிப் பக்கம் மட்டும் பிரஷ் போகக் கூடாது.

மழைத்தூறல்:
நன்றி. ரத்தம் நின்றிருக்கிறது. சிகரெட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பல்லவன்:
கேட்டதே நல்லது. குறைந்தது மூன்று நாள் தொடாதீர்கள், ஒரு வாரம் தள்ளினால் இன்னும் நல்லது. உறிஞ்சுவதும் கெடுதல், நிகோடின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதும் கெடுதல். ட்ரை சாக்கெட் புகைப்பவர்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது, அதிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லில்.

அடையாளம் என்னவென்றால், வலி நாளுக்கு நாள் குறையவேண்டியது, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறும். காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுக்கும், மாத்திரைக்கு அடங்காது, வாயில் துர்நாற்றமும் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக, சாம்பல் கலந்த வெள்ளையில் எலும்பு தெரியும். இது பெரும்பாலும் தொற்று இல்லை, அதனால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வீண். பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து தோய்த்த துணியை வைத்தால் சில மணி நேரத்திலேயே நிம்மதி தெரியும்.

வேம்படி:
ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வலி இல்லாமல் குழிமேல் மெத்தென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படர்ந்தால் அது சீழ் இல்லை, ஆறுவதற்காக உருவாகும் திசு. குச்சியால் சுரண்டிவிடுகிறார்கள், அங்கேதான் மறுபடி ரத்தம் ஆரம்பிக்கும். சில வாரம் கழித்து ஈறில் கூர்மையாக ஏதாவது நெருடினால் பெரும்பாலும் சின்ன எலும்புத் துணுக்கு. தானாக வெளியே வரும், வராவிட்டால் மருத்துவர் எடுத்துவிடுவார்.

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் மருத்துவருக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.