போலீஸுக்கு இனி என்ன தெரிந்திருக்க வேண்டும்? (வேலூர் விவாதம்)

பாலாற்றங்கரை:
இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். நம் ஊருக்கு இன்று தேவையான திறமை இவ்வளவுதானா? சிஎம்சி வைத்தியத்துக்காக மேற்கு வங்காளத்திலிருந்து வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம், போனில் ஓடிபி சொல்லி ஆபரேஷன் பணத்தைப் பறிகொடுத்தது. ஸ்டேஷனில் யாருக்கும் வங்காளியோ இந்தியோ தெரியவில்லை. லாட்ஜ் பையன் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு ரைட்டர் 'பணம் காணவில்லை' என்று சிஎஸ்ஆர், அதாவது புகார் பதிவு ரசீது, போட்டுக் கொடுத்தார். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்தால் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. அதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பழைய ஏட்டு:
தம்பி, வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், 1989க்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்தவன் நான். பாஷை தெரிந்தால் நல்லதுதான். ஆனால் போலீஸுக்கு முதலில் ஏரியா தெரிய வேண்டும். ராத்திரி ரோந்தில், வந்து போனதற்கு அடையாளமாக வீடுகளில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவோம். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். இப்போது எது நடந்தாலும் கேமராவைப் பார், செல்போன் டவரைப் பார் என்கிறார்கள். தெருவில் இறங்கிப் பேசும் பழக்கமே போய்விட்டது.

காட்பாடி வக்கீல்:
ஏட்டய்யா, ஆளைப் பிடித்துவிடுவீர்கள், சரி. கேஸ் கோர்ட்டில் நிற்க வேண்டாமா? 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 105வது பிரிவுப்படி சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அதே கேமரா பதிவைச் சாட்சியமாக்க, புதுச் சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பு, அதாவது பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்ற எண், இருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

பழைய ஏட்டு:
அதற்குத் தனி ஆள் போடுங்கள், வக்கீல் சார். விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி 2006இல் பிரகாஷ் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டருக்குக் கீழே யாரும் விசாரிக்கக் கூடாது. அந்த இன்ஸ்பெக்டரையே தீபத்துக்குத் திருவண்ணாமலை பந்தோபஸ்துக்கும் அனுப்பினால், அவர் ஹாஷை எப்போது பார்ப்பார்? விடிய விடிய கூட்டத்தில் நிற்க உடம்பும் வேண்டும். அதனால் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மேல்விஷாரம் டீச்சர்:
நீங்கள் மூவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் படத்தை எவனோ ஆபாசமாக மாற்றி அனுப்பிவிட்டான். புகார் கொடுக்கப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, 'போட்டோவை ஏன் போட்டாய்?' அத்தோடு அவள் வாயே திறக்கவில்லை. போன் அவள் கையில்தான் இருந்தது, அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. தமிழ்நாடு காவல்துறையில் 1973இல் பெண்கள் சேர்ந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இத்தனைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பெண் போலீஸ்தான். பயந்து வந்த பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பழைய ஏட்டு:
டீச்சரம்மா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அது வகுப்பில் வராது. நல்ல எஸ்.ஐ. ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

மேல்விஷாரம் டீச்சர்:
அந்த நல்ல எஸ்.ஐ. இல்லாத ஸ்டேஷனில் என்ன செய்வது ஐயா? முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லித்தரலாம்.

பாலாற்றங்கரை:
ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை ஏட்டய்யா. லாட்ஜுகள் நிறைந்த ஸ்டேஷன் எல்லையில் ஷிஃப்டுக்கு ஒருவராவது இந்தியோ வங்காளியோ பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். தோல் தொழிற்சாலைகளுக்கு வெளிமாநில ஆட்கள் வருகிற ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமும் இதே கதைதான். சிஎஸ்ஆர் எழுதும்போதே 1930க்கும் போன் போடட்டும். இதற்குப் புது உத்தரவுகூட வேண்டாம், இன்ஸ்பெக்டர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.