மொழி வகுப்பில் நாடகம்: ஆசிரியர் பயிற்சியில் எங்கே சறுக்குகிறது?

பதிவு 1
ஜெர்மன் ஆசிரியர் பயிற்சியில் நாடகம் என்றதுமே "நமக்கு நடிப்பெல்லாம் வராதே" என்பார்கள். வரவே வேண்டாம். இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் (1926–2011) பரப்பிய முறையில் ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் கதைக்குள் போகிறார். அதற்கு ஒரு சால்வை போதும். போட்டால் பாத்திரம், எடுத்தால் ஆசிரியர். ஏ1 (தொடக்கநிலை) வகுப்பு என்றால் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே தமிழிலேயே சொல்லிவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதில்தான்: சால்வையோடு நின்றபடியே வினைச்சொல்லைத் திருத்துவார்கள். மாணவர் உடனே கதையை விட்டுவிட்டு இலக்கணப் பயத்துக்குப் போய்விடுவார்.

போலீஸ், மேலாளர் போன்ற அதிகாரப் பாத்திரங்களும் சரிவராது. கேள்வியெல்லாம் ஆசிரியரே கேட்க, வகுப்பு ஆமாம்-இல்லையோடு நின்றுவிடும். பெட்டியைத் தொலைத்த பயணியாக வாருங்கள். அவருக்கு எதுவும் தெரியாது, மாணவர்கள்தான் விசாரித்து உதவ வேண்டும். அந்நியர் என்பதால் 'டூ' (நீ) போய் மரியாதை 'ஸீ' (நீங்கள்) தானாக வந்துவிடும்.

பதிவு 2
பெர்ஃபெக்ட் காலத்துக்கு (ஜெர்மன் பேச்சில் வரும் இறந்தகாலம்) 'அலிபி' (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம்) விசாரணையை மிஞ்ச ஒன்றுமில்லை. நேற்று மாலை 7 முதல் 10 வரை சேர்ந்தே இருந்ததாக இருவர் வெளியே போய் 5 நிமிடத்தில் கதை கட்டுவார்கள். அதற்குள் மற்றவர்கள் நான்கு பேர் குழுக்களாக 8 கேள்வி எழுதிவிட வேண்டும். எழுத்து வேலை தராவிட்டால் அரட்டைதான். பிறகு ஒருவர் பின் ஒருவராக, தலைக்கு 4 நிமிட விசாரணை. மூன்று முரண்பாடு சிக்கினால் குற்றவாளி.

30 பேர் வகுப்பில் ஒரே ஜோடியை வைத்தால் முக்கால்வாசிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். மூன்று ஜோடி வைத்து மேசை மேசையாகச் சுற்றவிடுங்கள்.

'போனேன்' என்பதற்குத் துணைவினையாக 'பின்' (bin) வர வேண்டிய இடத்தில் 'ஹாபெ' (habe) போடுவது நிச்சயம் நடக்கும். குறுக்கிடாமல் தாளில் குறியுங்கள். முடிந்ததும் ஐந்து பிழைகளை மட்டும், யார் சொன்னது என்று காட்டாமல், பலகையில் எழுதினால் வகுப்பே திருத்திவிடும். இன்னொன்று: 'எங்கே இருந்தீர்கள்' என்பதற்குப் பேச்சில் பெர்ஃபெக்ட் அல்ல, 'வாரென்' (waren) தான் இயல்பு. அதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பதிவு 3
கடைசி பெஞ்சுக்குச் சால்வை தெரியாதுங்க. அதைவிட நாற்காலியே மேல்: உட்கார்ந்தால் பயணி, எழுந்தால் ஆசிரியர். பயிற்சியில் விளக்கவுரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதல் 20 நிமிடம் ஆசிரியர்களே மாணவர்களாக விளையாடட்டும், அதுவும் அவர்களுக்குத் தெரியாத ஒரு மொழியில். எந்த இடத்தில் வாய் அடைத்துப்போகிறது என்று அப்போதுதான் பிடிபடும். அதன் பிறகு ஆளுக்கு 10 நிமிடம் பாடம் நடத்திப் பார்க்கலாம்.