பந்து கையில் இருக்கிறதா, இல்லையா?

குழு: கோவை – சிங்கை குடும்பம்
12 ஆகஸ்ட் 2024, திங்கள்

பெரியப்பா: நேற்று ஒலிம்பிக் கடைசி நாள் ஆயிற்றே என்று ஜியோசினிமாவில் வாட்டர் போலோ இறுதி ஆட்டம் பார்த்தேன். செர்பியா 13, குரோஷியா 11. முழுக்கப் பார்த்தும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஒருவனைத் தண்ணீருக்குள் அப்படியே அமுக்குகிறார்கள், நடுவர் பேசாமல் நிற்கிறார். அடுத்த நிமிஷம் தோளைப் பிடித்ததற்கு விசில் ஊதி ஆளை வெளியே அனுப்புகிறார். மதி, நீ ஆடுவது இதைத்தானே?

மதி: ஆமாம் பெரியப்பா, இதேதான்! நீங்கள் பார்த்தது ரொம்ப சந்தோஷம். செர்பியாவுக்கு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து மூன்றாவது தங்கம். முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 8-3 என்று தோற்ற அணி இது. காலிறுதியில் கிரீஸை ஒரே ஒரு கோலில் தாண்டி வந்தார்கள்.

மதி: நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒருவரை அமுக்கும்போது அவர் கையில் பந்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பிடிக்கலாம், இழுக்கலாம், அமுக்கலாம். பந்து இல்லாதவரை அப்படிச் செய்தால், பாரிஸ் விதிப்படி 20 விநாடி வெளியே போக வேண்டும்.

பெரியப்பா: அட, கபடியில் பாடி வருகிறவனைத்தான் பிடிக்கலாம் என்கிற மாதிரி.

கவிதா சித்தி: பந்து இருந்தால் அமுக்கலாமா! இதைக் கேட்டால்தான் எனக்கு பயமாக இருக்கிறது. அடுத்த வருஷம் உயர்நிலை போனதும் இணைப்பாட நடவடிக்கைக்கு இதைத்தான் எடுப்பேன் என்று கிஷோர் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

மதி: சித்தி, அமுக்குகிறார்கள் என்றால் பந்தைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டியதுதான். விட்டதும் பிடித்தவரும் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல் அவர் மேல். விடாமல் பந்தோடு தண்ணீருக்குள் போனால்தான் தப்பு நம் மேல் வரும், பந்தும் எதிரணிக்குப் போய்விடும்.

பெரியப்பா: அதுதான் விஷயமா? கோலுக்கு முன்னால் ஒரு தடியன், பந்து பக்கத்திலேயே மிதக்கிறது, எடுக்கவே மாட்டேன் என்கிறான். நானும் "எடுடா, எடுடா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மதி: அவர்தான் சென்டர் ஃபார்வர்டு பெரியப்பா! கோலிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு எதிரணி சென்டர் பேக். வெளியிலிருந்து பந்து வந்து விழும். சென்டர் உடனே அதை எடுக்க மாட்டார். எடுக்கப் போவது போல உள்ளங்கையைப் பந்துக்கு மேலே கொண்டுபோவார். பின்னால் இருப்பவர் பதறிப்போய் தோளைப் பிடித்து இழுப்பார். பந்து இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. விசில்!

மதி: எங்கள் அணியில் நான் சென்டர் பேக். முன்னால் இருப்பவளின் கை பந்தைத் தொட்டுவிட்டதா என்று எனக்குத் தெரியவே தெரியாது, அவள் தலையும் முதுகும் மறைத்துக்கொள்ளும். பந்தைத் தூக்கும்போது தோள் கொஞ்சம் எழும்பும். அதைப் பார்த்துத்தான் பிடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த ஆட்டத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஹரி அண்ணா: 20 விநாடி வெளியே இருப்பதெல்லாம் ஒரு தண்டனையா?

மதி: பெரிய தண்டனை அண்ணா. பாரிஸில் ஒரு தாக்குதலுக்கே 30 விநாடிதான். அதற்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். ஒருவர் வெளியே போனதும், கோல்கீப்பர்களை விட்டுவிட்டால், ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர். தாக்குகிற அணி நான்கு பேரைக் கோலுக்கு அருகே வரிசையாக நிறுத்தும், இரண்டு பேர் வெளியே. பந்தைத் தண்ணீரில் படவிடாமல் கைக்குக் கை மாற்றுவார்கள். கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் அடி. நிறைய கோல்கள் இப்படித்தான் விழும். ஒரே ஆள் மூன்று முறை இப்படி மாட்டினால் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது.

ஹரி அண்ணா: கோல் விழுந்துவிட்டால் வெளியே போனவர் திரும்பலாமா?

மதி: வரலாம். கோல் விழுந்தாலும், தன் அணிக்குப் பந்து கிடைத்தாலும், 20 விநாடி முடிந்தாலும் வரலாம். சின்னத் தப்பு என்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஃப்ரீ த்ரோ மட்டும்தான். அதுவே ஆறு மீட்டருக்கு வெளியே கிடைத்தால் நேராகக் கோலுக்கே அடிக்கலாம். கோல் விழப்போகிற நேரத்தில் உள்ளே ஃபவுல் செய்து தடுத்தால் ஐந்து மீட்டரிலிருந்து பெனால்டி.

பெரியப்பா: சரி, மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? கூட்டமாகத்தான் தெரிந்தது.

மதி: கோல்கீப்பரோடு சேர்த்து ஏழு பேர். சிவப்புத் தொப்பி கோல்கீப்பர். சென்டரைச் சுற்றி அரைவட்டமாக ஐந்து பேர். இரண்டு ஓரத்திலும் விங், அதற்குப் பின்னால் இரண்டு ஃபிளாட், நடுவில் கோலிலிருந்து தள்ளி பாயிண்ட். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பாயிண்ட்தான் பெரும்பாலும் முடிவு செய்வார். பந்து கைமாறினால் தற்காப்புக்கு முதலில் நீந்த வேண்டியவரும் அவர்தான்.

ஹரி அண்ணா: அவர்கள் தரையில் நிற்கவில்லையா? இடுப்புவரை எழும்பி அடிக்கிறார்களே.

மதி: நிற்கக் கூடாது அண்ணா, நிற்கவும் முடியாது. ஆழம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், பெரிய போட்டிகளில் இரண்டு மீட்டர். இரண்டு காலையும் முழங்காலிலிருந்து எதிரெதிர்த் திசையில் வட்டமாக மாறி மாறிச் சுழற்றிக்கொண்டே இருப்போம். எக்பீட்டர் என்போம். மொத்த ஆட்டமும் அந்தக் காலில்தான் இருக்கிறது. எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி, விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். அதனால் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். இரண்டு கையாலும் பந்தைப் பிடிக்க கோல்கீப்பருக்கு மட்டும்தான் அனுமதி.

கவிதா சித்தி: எல்லாம் சரி மதி. அடிபடுமா, படாதா?

மதி: படும் சித்தி, மறைக்க மாட்டேன். விரல் சுளுக்கும், தோள் வலிக்கும், கீறலும் விழும். ஆட்டத்துக்கு முன் நடுவர் எல்லார் நகத்தையும் பார்ப்பார். தொப்பியில் காதுக்குத் தனிக் கவசம் இருக்கும். வேண்டுமென்று கைநீட்டி அடித்தால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே. பிள்ளைகள் ஆட்டத்தில் நடுவர்கள் சீக்கிரமே விசில் ஊதிவிடுவார்கள்.

ஹரி அண்ணா: ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரத்தம் வந்த ஆட்டம் ஒன்று உண்டே?

மதி: உண்டு அண்ணா. ஹங்கேரி – சோவியத் யூனியன். புடாபெஸ்ட் எழுச்சியை சோவியத் படை நசுக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹங்கேரி 4-0 என்று முன்னிலை. முடியப் போகும் நேரத்தில் சோவியத் வீரர் வாலண்டின் புரோகோபோவ் அடித்ததில் ஹங்கேரியின் எர்வின் ஸாடோருக்கு முகத்தில் ரத்தம். கூட்டம் கொதித்தது, ஆட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள். அது அரசியல் கொதிப்பு. அதை வைத்து இந்த ஆட்டத்தை எடைபோடுவது நியாயமில்லை. அந்தத் தங்கம் கடைசியில் ஹங்கேரிக்குத்தான்.

பெரியப்பா: நம் நாடு ஆடியதுண்டா?

மதி: உண்டு பெரியப்பா! 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்கு. 1970இல் வெள்ளி, 1982இல் வெண்கலம். இங்கே சிங்கப்பூர் ஆண்கள் அணி 1965 முதல் 2017 வரை தென்கிழக்காசிய விளையாட்டில் தொடர்ந்து 27 தங்கம்! கிஷோர் சேர ஆசைப்படுவது அந்த ஊரில் சித்தி.

கவிதா சித்தி: அக்கா, நான் கிஷோர். அம்மா போன். எனக்கு இடதுகை, பரவாயில்லையா?

மதி: பரவாயில்லையா? இடதுகைக்காரரைத் தேடுவார்கள்டா! தாக்கும்போது வலது ஓரத்தில் வலதுகைக்காரருக்குக் கோணமே கிடைக்காது, பந்தை உடம்பைத் தாண்டி அடிக்க வேண்டும். இடதுகை என்றால் கோல் முழுக்கத் திறந்திருக்கும். செர்பியாவின் டுஷான் மாண்டிச் இடதுகைதான். நேற்றைய ஆட்டத்தை மறுபடி போட்டு, வலது ஓரத்தை மட்டும் பார்.

கவிதா சித்தி: சரிக்கா! எப்போது பந்து எறியக் கற்றுத் தருவீர்கள்?

மதி: முதலில் கால். சுவரைப் பிடிக்காமல், கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் மிதக்கப் பழகு. சனிக்கிழமை ஜூரோங் குளத்துக்கு வந்துவிடு, நான் காட்டுகிறேன். சித்தி, நீங்களும் வந்து பாருங்கள்.

கவிதா சித்தி: வருகிறோம். காலையில் என்றால் அவனுக்குத் துணைப்பாடம் இருக்கிறது, நான்கு மணிக்கு மேல் வரட்டுமா?

மதி: நான்கரைக்கு வாருங்கள் சித்தி 👍