சில்வண்டுப் படை: ஆப்பிள் கன்றுகளுக்கு எந்த வலை போடலாம்?

சிகாகோ புறநகரில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 2007-இல் மண்ணுக்குள் போன 17 ஆண்டுச் சில்வண்டுகள் இப்போது (2024) எங்கள் புல்தரையைச் சல்லடையாக்கிவிட்டு வெளியே வந்துவிட்டன. வேலி, சுவர், கார் டயர் என்று எங்கே பார்த்தாலும் உரித்துப்போட்ட கூடு. கொட்டாது என்று தெரியும், சத்தத்தையும் பொறுத்துக்கொள்வேன். (மாமியார்தான் வாசல் பக்கமே வர மறுக்கிறார்.)

கவலையெல்லாம் போன வருடம் நட்ட ஆப்பிள் கன்றுகளைப் பற்றித்தான். பெண் வண்டு பென்சில் கனக் கிளைகளைக் கீறி முட்டையிட்டால் நுனி காய்ந்துவிடும். மருந்தடித்துப் பயனில்லை, புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். கால் அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத வலை வேண்டும். பக்கத்துக் கடைகளில் தீர்ந்துவிட்டது. பழைய கொசுவலை போதுமா? வெயிலில் இலை வெந்துவிடாதே? கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்துவிடட்டுமா? அப்புறம், நாய் வேறு இந்த வண்டுகளை விடாமல் தின்கிறது. யாராவது அனுபவப்பட்டிருந்தால் சொல்லுங்கள்.