ஆர்மடாவைத் தோற்கடித்தது காற்றா, பீரங்கியா?

ஹட்டன் ஆசிரியர்:
தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 1588இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப் 'ஆர்மடா' எனப்படும் கடற்படையாக ஏறத்தாழ 130 கப்பல்களை இங்கிலாந்தின் மீது ஏவியதையும், அவற்றுள் பல புயலில் அழிந்ததையும் சொல்லி முடித்தபோது, மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் ஆங்கிலேயர் என்னதான் செய்தார்கள், சேர்?" என்று கேட்டுவிட்டாள். இரு தரப்பாரும் கடலில் போரிட்ட முறையை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதுளை வாசகர்:
நல்ல மாணவி. ஸ்பானியருக்குக் கப்பல் என்பது மிதக்கும் கோட்டை. ஒருமுறை சுட்டுவிட்டு, எதிரிக் கப்பலைக் கொக்கியிட்டு இழுத்து, படைவீரர்களை அதன்மேல் பாயவிடுவதே அவர்கள் வழக்கம். ஆங்கிலேயரோ தங்கள் கடற்படைப் பொருளாளர் ஜோன் ஹோக்கின்ஸின் மேற்பார்வையில் தாழ்வாகவும் நீளமாகவும் கட்டிய கப்பல்களில், நெருங்கவிடாமல் சுட்டுக்கொண்டே விலகினார்கள். இதில் பீரங்கி வண்டியைக் கவனியுங்கள்: ஸ்பானியரிடம் இருந்தவற்றுள் பல, தரைப்படையில் உள்ளவை போல இரண்டு பெரிய சக்கரங்களும் நீண்ட வாலும் கொண்டவை என்பதால், இடுக்கமான தளத்தில் அவற்றைப் பின்னிழுத்து மறுபடி மருந்திடுவது பெரும்பாடு. ஆங்கிலேயருடையது நான்கு சிறு சக்கரங்கள் கொண்ட குட்டை வண்டி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து தள்ளும் வண்டியை நினைத்துக்கொள்ளலாம். அதைப் பின்னோக்கி உருட்டுவது எளிது. மருந்தும் குண்டும் திணித்துக் கயிற்றால் முன்னே இழுத்துவிட்டால் போதும். ஸ்பானியர் மறுபடி சுடத் திணறியதற்குச் சான்றாக, அயர்லாந்துக் கரையோரம் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து சுடப்படாத குண்டுகள் ஏராளமாக எடுக்கப்பட்டுள்ளன.

நானுஓயா வாசகர்:
பதுளை நண்பர் பீரங்கிக்குச் சற்று அதிகமாகவே மாலை சூட்டுகிறார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயில் ஒரு வாரம் தொலைவிலிருந்து சுட்டும் ஆங்கிலேயரால் ஸ்பானியரின் பிறை வடிவ அணிவகுப்பைக் குலைக்க முடியவில்லை. அவர்களுடைய வெடிமருந்துதான் குறைந்தது. திருப்பம் பிரான்ஸின் கலே துறைமுகத்தருகே, ஆகஸ்ட் 7ஆம் திகதி நள்ளிரவில் நேர்ந்தது. ஆங்கிலேயர் தீ மூட்டி விட்ட 8 கப்பல்கள் காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து வருவதைக் கண்ட ஸ்பானியர், நங்கூரத்தை மேலே இழுக்க நேரமின்றிக் கயிற்றை வெட்டிவிட்டு ஓடினார்கள். சிதறியவர்களை மறுநாள் கிரேவ்லைன்ஸ் அருகே ஆங்கிலேயர் மிக நெருங்கிச் சுட்டார்கள். ஆயினும் அங்கே மூழ்கியவை மிகச் சிலவே. வட கடல்வழியாகச் சுற்றித் திரும்புகையில் அயர்லாந்துக் கரையில் புயல் அடித்தபோது, பல கப்பல்களுக்குப் பிடித்து நிற்க நங்கூரம் இருக்கவில்லை. காற்று அழித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கயிற்றை வெட்டவைத்தவர்கள் ஆங்கிலேயர் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். (சில நூல்களில் ஆகஸ்ட் 7 என்பது ஜூலை 28 என்றிருக்கும், ஆங்கிலேய நாட்காட்டி அன்று 10 நாள் பின்தங்கியிருந்தது.)

மாத்தளை வாசகர்:
கொக்கியிட்டுப் பாயும் முறை அதோடு செத்துவிடவில்லை. 1591இல் அத்திலாந்திக் கடலின் அசோரஸ் தீவுகளருகே தனியே சிக்கிய 'ரிவெஞ்ச்' என்ற ஆங்கிலேயக் கப்பலை ஸ்பானியர் அப்படித்தான் மடக்கினார்கள். மறு ஆண்டு அதே கடலில் 'மத்ரே தே தேயுஸ்' என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஆங்கிலேயரே ஏறிப் பாய்ந்துதான் பிடித்தார்கள். சுட்டு மூழ்கடித்தால் சரக்குப் போய்விடுமே! 1580 முதல் போர்த்துக்கலும் பிலிப்பின் ஆட்சியில் இருந்தபடியால், கொழும்புக் கோட்டையில் இருந்த போர்த்துக்கேயரும் அவருடைய குடிகளே. அக்கப்பலில் இருந்தவை மிளகு, கராம்பு, கறுவா. கறுவா என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், சேர்.