குளத்து ஆய்வுக்கு ஒரு உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் உயிரின வகைகள் கூடினால் குளத்தின் விளைச்சலும் கூடுமா என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விளைச்சல் என்றால் மீன் எடை இல்லை. நீரில் மிதக்கும் பாசி வெயிலைக் கொண்டு எவ்வளவு உணவு தயாரிக்கிறது என்பதுதான்.

அளப்பது பழைய முறை. ஒரே இடத்து நீரை வெளிச்சம் புகும் பாட்டிலிலும் கறுப்பு பாட்டிலிலும் அடைத்து, எடுத்த ஆழத்திலேயே சில மணி நேரம் தொங்கவிட வேண்டும். கடைசியில் இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசமே பாசியின் மொத்த உற்பத்தி. போன வாரம் கட்டிவிட்ட நாலு பாட்டிலும் கயிறோடு காணோம். யார் வீட்டில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்களோ!

300 மில்லி பி.ஓ.டி. பாட்டில் (நீரில் உள்ள ஆக்சிஜனை அளக்க ஆய்வகங்களில் வைத்திருக்கும், மூடி போட்ட கண்ணாடி பாட்டில்) பத்து, ஒரு மாதத்துக்கு இரவல் கிடைக்குமா?

அப்புறம், இதுதான் முக்கியம். நான் பார்த்த குளங்களில் ஜிலேபிக் கெண்டையும் ஆகாயத்தாமரையும்தான் நிறைந்து கிடக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, விரால், கெளுத்தி, அயிரை எல்லாம் இன்னும் வலையில் விழுகிற குளம் ஒன்று வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள். மீன் குத்தகை எடுத்த அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் வற்றுவதற்குள் ஆரம்பிக்க வேண்டும்.